மிதி எட்டும் தூரம்

ராஜாவே இல்லாத ஒரு ஊரிலே, ராஜா காலத்திலிருந்தே ஓடுகிற மாதிரி ஒரு வெள்ளைக் கார் இருந்ததாம். அதற்குச் சொந்தக்காரர் வேலாண்டி.

வண்டி வேலையில் அவருக்கும் ஒரு குரு உண்டு. முத்துப்பேச்சி. மெக்கானிக். அவரைவிட இருபது வயசு இளையவள்.

அன்றைக்கு மத்தியானம் அவளைத் தன் வாசலுக்கே வரவழைத்திருந்தார்.

"ஒழுகின கிளச் சிலிண்டரைக் கழட்டிட்டுப் புதுசு போட்டேன், பேச்சி. இப்ப ஒரு சொட்டு ஒழுகல. ஆனாலும் மிதிச்சா மிதி தரைக்குப் போயிருது. கியர் விழமாட்டேங்குது. ஏன்?"

"உள்ள காத்து நிக்குது. ஏர் எடுத்தீங்களா?"

"எடுத்தேனே."

"யாரு மிதிச்சது?"

"நான்தான்."

"காத்து வெளிய போக, கீழ நிப்பிளைத் திறந்தது?"

"அதுவும் நான்தான். மிதிக்குக் கம்பு முட்டுக் கொடுத்துட்டு, ஓடிப்போய்த் திறந்தேன்."

பேச்சி கம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தன.

வீட்டுக்குள்ளே பூரணம் முனகினாள். வாதம் வந்து படுத்த மனைவி. வேலாண்டி உள்ளே போய் அவளைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தார்.

"நாளைக்கு விடிய இவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது."

பேச்சி சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போய்விட்டாள்.

"மிதிங்கண்ணே."

மிதித்தார்.

"பிடிச்சுக்கங்க. நான் மூடுற வரைக்கும் விடக்கூடாது."

நிப்பிள் திறந்தது. ஆயிலோடு காற்று குமிழ் விட்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது.

பிறகு 'சர்'ரென்று திரும்ப உள்ளே போனது.

பேச்சி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். வேலாண்டி ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கால் மிதியைவிட்டு நழுவியிருந்தது.

"அண்ணே."

"மிதிச்சுட்டுத்தானே இருக்கேன்."

"கனவுல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ மேல உட்காரு. நான் கீழ போறேன்."

"உங்களைப் படுக்கவிட்டா நாளைக்கு விடியத்தான் எழுந்திரிப்பீங்க. வேற கால் இல்லையா இந்த வீட்டுல?"

வேலாண்டி காரைவிட்டு இறங்கினார்.

"தம்பி இருக்கான். சடையாண்டி. கீழத்தெருவுல."

"கூப்பிட்டா வரமாட்டாரா?"

"கூப்பிடாமலே வந்தான். 'ராத்திரி நான் மதினிகிட்ட இருக்கேன், நீ தூங்குண்ணே'ன்னான். படியேற விடாம அனுப்பிட்டேன்."

"ஏன், தப்பா சொல்லிட்டாரா?"

"என்னால முடியலன்னு ஊருக்குத் தெரிஞ்சிருமே."

உள்ளேயிருந்து பூரணத்தின் குரல் வந்தது, குழறலாக, ஆனால் புரியும்படி:

"ஊருக்குத் தெரியும்."

பேச்சி சிரிக்கவில்லை. ஸ்பானரைத் துடைத்து வேலாண்டி கையில் கொடுத்தாள்.

"டீ குடிச்சிட்டு வாறேன். கீழத்தெரு வழியாத்தான் போவேன். என்ன சொல்லட்டும்?"

வேலாண்டி ஸ்பானரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் குள்ளம்," என்றார் கடைசியில். "மிதி எட்டாது."

பேச்சி நடந்தாள்.

தெருமுனை திரும்பும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வருஷக்கணக்காக நகராத டிரைவர் சீட்டு, துருப்பிடித்த கம்பித் தடத்தில் கிறீச்சிட்டு மிதியை நோக்கி முன்னே வருகிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்காமல் கீழத்தெருவுக்குள் போனாள்.