கடிகாரத்துக் கட்டை

டார்ச் செத்துவிட்டது. அதுவும் ராத்திரியில், மலைப்படியில் பாதி வழியில், பின்னால் ஒரு பக்தர் கூட்டமே ஏறி வந்துகொண்டிருக்கும்போது!

தவசிமுத்து அதைத் தொடையில் தட்டினார். உள்ளே இருந்த பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி உருட்டினார். ஒன்றைப் பல்லால் கடித்தும் பார்த்தார். மினுக்கென்றது. அவ்வளவுதான்.

"யோவ், லைட்டைப் போடுய்யா! காலை எங்கே வைக்கிறது?"

மழைத் தூறல். கரண்டும் இல்லை. செல்போனைக் கீழேயே கொடுத்துவிட்டுத்தான் ஏறணும், அது மடத்து வழக்கம்.

"அப்படியே உட்காருங்க! யாரும் நகராதீங்க!" என்று கத்திவிட்டு, கம்பியைத் தடவித் தடவி மேலே மடத்துக்கு ஓடினார். ஓட்டமாவது, முட்டிவலியில் நொண்டல்தான்.

மடத்தில் செண்பகத்தம்மா விளக்கோடு நின்றார். குரு அவர்தான். வயதில் தவசிமுத்துவுக்கு மகள் மாதிரி.

அம்மா டார்ச்சைப் பிரித்தார். ஒரு கட்டை புதுசு, ஒன்று பழசு.

"புதுசு ஏது, கண்டக்டரே?"

பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்துப் பெயர் அது.

"சுவர்க் கடிகாரத்திலேர்ந்து எடுத்தேன்."

"பழசோட சேர்த்தா புதுசும் வீணாப் போகும்னு சொன்னேனே."

"ஒண்ணை மாத்தினா போதும்னு நினைச்சேன்மா."

அம்மா பெட்டியிலிருந்து புது ஜோடியை எடுத்துப் போட்டார். வெளிச்சம் எதிர்ப்பாறையில் போய் அடித்தது! மடத்துச் சின்னப்பெண் பேச்சிக்கனி அதைப் பிடுங்கிக்கொண்டு படியில் பறந்தாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரே விசில், கைதட்டல்.

தவசிமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

"இத்தனை வருஷம் நான் பிடிச்ச லைட்டு. முட்டி போச்சுன்னதும் அவகிட்டே கொடுத்துட்டீங்க. எனக்குக் கடிகாரம் பார்த்து மணி அடிக்கிற வேலை! இன்னைக்கு ஒரு நாள் அவளுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன், அதுவும் இப்படி ஆச்சு. நான் என்ன செத்த கட்டையாம்மா? காலையிலே ஊருக்குப் போறேன்."

அம்மா அந்தப் பழைய கட்டையை எடுத்தார். தவசிமுத்து கடித்த பல்தடம் அதில் அப்படியே இருந்தது. நின்றுபோன கடிகாரத்தில் மாட்டி, முள்ளை உத்தேசமாகத் திருப்பி வைத்தார்.

டிக். டிக். டிக்.

"ஓடுதே!"

"டார்ச்சுக்கு ஒரே மூச்சிலே நிறைய வேணும். இதுக்குக் கொஞ்சம் போதும், ஆனா நிக்காம வேணும்."

தவசிமுத்து மூக்கை உறிஞ்சினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, போயிட்டு வாங்க கண்டக்டரே. போறப்போ ஒரு வேலை. அந்தக் கட்டையைக் கழட்டிக் குப்பையிலே போட்டுடுங்க. செத்த கட்டைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கடிகாரத்தின் கீழே நின்றார். கை அதுவரைக்கும் போனது. மணியடிக்கிற நேரத்துக்கு முள் கொஞ்சம்தான் நகரவேண்டியிருந்தது.

அவர் கழற்றவில்லை.