எல்லோரும் எழுந்து நின்ற பெயர்

தென்குன்ற நாட்டு ராஜாவுக்கு ரொம்ப வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். ராணி கோதைநாயகி மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

காரணம் பெயர்தான். ராஜா தன் செத்துப்போன அப்பாவின் பெயரை வைக்கப் போகிறார். வச்சிரபாகு. நல்ல பெயர்தான். ஆனால் ராணிக்கு அது மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? அப்படியானால் பெற்ற பிள்ளையை அவள் ஆயுசுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

"கண்ணே, மணியே என்று கூப்பிட்டுக்கொள்" என்றார் ராஜா.

"அது எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் பொது. என் பிள்ளையை நான் என்னவென்று கூப்பிட?" என்றாள் ராணி.

ராஜா எழுத்துப் பண்டிதர் கனகசபேசரைக் கூப்பிட்டு அனுப்பினார். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்தால் தலையெழுத்தே மாறும் என்று சொல்லிச் சொல்லியே வயிறு வளர்த்தவர் அவர். அரண்மனையில் பாதிப்பேரின் பெயரை அவர்களுக்கே எழுதத் தெரியாமல் பண்ணியிருந்தார்.

பண்டிதர் யோசித்தார். ஓலையில் 'வச்ச்சிரப்பாகூ' என்று எழுதி நீட்டினார். "இது வேறு பெயர். மாமனார் பெயர் அல்ல. மகாராணி தாராளமாகச் சொல்லலாம்."

ராணி ஓலையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "ஓலையில்தான் வேறே. வாய்க்கு வந்தால் மாமனார்தான் வருகிறார்."

பண்டிதர் இன்னோர் எழுத்தைச் செருகினார். அப்போதும் மாமனார்தான் வந்தார். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெயர் வைக்கிற அன்றைக்கு நீ சொல்லாவிட்டால் என் அக்காள் வந்து பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லட்டும், நீ ஊமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ராணி அழுதுகொண்டே உலகனுக்குச் சொல்லி அனுப்பினாள். உலகன் சபையில் விகடம் பேசுகிறவன். வாய் நீளம், புத்தி அதைவிட நீளம்.

மறுநாள் உலகன் ராஜா முன்னால் போய்க் கும்பிட்டான். தேரைக்கூட ஓட்டிப் பார்த்துத்தான் ஏறுகிறோம், பெயரையும் ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாமே என்றான். இளவரசர் சபையில் ராஜா மடியில் இருக்கட்டும், எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லியே பேசட்டும் என்றான். ராஜாவுக்குப் பிடித்துப்போனது. பண்டிதருக்கு இன்னும் பிடித்துப்போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா மேல் இருந்த பக்தியில் ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். வச்சிரபாகு என்ற பெயர் காதில் விழுந்தால் சபையில் எல்லாரும், ராஜா உட்பட, எழுந்து நிற்க வேண்டும். சங்கு ஊத வேண்டும்.

உலகன் தாதியிடம் பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துக் கொண்டுவரச் சொன்னான். அப்புறம் என்ன ஆகும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

சபை கூடியது. ராணி திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ராஜா மடியில் பிள்ளை.

தாதி சொன்னாள்: "வச்சிரபாகு கொட்டாவி விடுகிறார்."

சங்கு ஊதியது. சபை எழுந்தது. ராஜாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்கள், உட்காருங்கள், இது வேறே எழுத்து" என்றார் பண்டிதர்.

முழங்கால் வலிக்காரரான கிழட்டுத் தளபதி நின்றபடியே சொன்னார்: "அவள் எந்த எழுத்தைச் சொன்னாள் என்று என் காதுக்கு எப்படி ஐயா தெரியும்? நான் உட்கார்ந்து, அது பெரியவராக இருந்துவிட்டால் என் தலை போகும்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். "வச்சிரபாகு விக்குகிறார்" என்றாள் தாதி. திரும்பவும் சங்கு. திரும்பவும் எழுந்தார்கள். தளபதி இனி உட்காருவதில்லை என்று தூணைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் பிள்ளை ராஜாவின் மீசையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தது.

"அடே வச்சிர..." என்ற ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். பெற்ற அப்பாவை அடே என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டதே. சபையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ராஜா ஒருவழியாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அசையாமல் இருந்தார். உலகன் அதைப் பார்த்துவிட்டான். முன்னால் வந்து, கட்டியம் கூறுகிறவனைப் போலக் கணீரென்று சொன்னான்:

"வச்சிரபாகு, ராஜாவின் மடியை நனைத்துவிட்டார்."

சங்கு ஊதியது. சபை எழுந்தது. சட்டம் சட்டம்தானே, ராஜாவும் எழுந்தார். பட்டு வேட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. எல்லாரும் மரியாதையாக நின்று பார்த்தார்கள்.

ராஜா பண்டிதரைப் பார்த்தார். "இதற்கு என்ன செய்யலாம்?"

"இன்னும் ஓர் எழுத்தைக் கூட்டினால்..."

"கூட்டினால் வேட்டி காயுமா?"

சொல்லும்போதே ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபையும் சிரித்தது. உலகன் அந்தச் சமயம் பார்த்துச் சொன்னான்: "அரசே, பெரியவர் பெயர் ஓலையிலும் முத்திரையிலும் பத்திரமாக இருக்கட்டும். கூப்பிடுகிற பெயரை, கூப்பிடப் போகிறவர் வைக்கட்டும்."

ராஜா திரையைப் பார்த்துத் தலையசைத்தார். ராணி வந்து பிள்ளையை வாங்கினாள். காதோரம் குனிந்து மூன்று தடவை சொன்னாள்: "நம்பி. நம்பி. நம்பி."

சங்கு ஊதவில்லை. யாரும் எழவில்லை. பிள்ளை மட்டும் திரும்பி அம்மாவைப் பார்த்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி உலகனுக்குப் போட்டார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"என் பையனுக்கும் என் அப்பா பெயர்தான் அரசே. என் பெண்சாதி அவனைப் 'பெரியவரே' என்பாள். என்னை 'இந்தாங்க' என்பாள். எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நாயை மட்டும்தான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக உலகன் பக்கத்தில் வந்து கேட்டார்:

"நாய்க்கு என்ன பெயர்? ஓர் எழுத்தைக் கூட்டினால்..."