ஆளில்லாத மரம் தேடிய கரடி

கல்லூத்துக் காட்டில் மூன்று கரடிகள் இருந்தன. அதில் ஒன்று மட்டும் இரண்டு கரடி அளவு இருந்தது. அதன் பெயர் சடையாண்டி.

பிறந்தபோதே சடையாண்டி அப்படி இல்லை. இளவட்டமாக இருந்தபோது கண்ணில் பட்ட மரத்தில் எல்லாம் ஏறும். அப்புறம் ஒருநாள் மலைச்சரிவில் பலா மரங்களைக் கண்டுபிடித்தது. பலாப்பழம் பழுத்தால் தானே பொத்தென்று கீழே விழும். "பழமே இறங்கி வருது, நாம எதுக்கு ஏறணும்?" என்று சடையாண்டி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் ஐந்து கோடை போனது. அது எழுந்தபோது வயிறு முதலில் எழுந்தது. மற்றதெல்லாம் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே ஒரு புல்கூட அசையவில்லை. சடையாண்டி மல்லாந்து படுத்து மேலே பார்த்தது. உச்சிக் கிளைகள் மட்டும் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தன. அடேயப்பா, காற்றெல்லாம் மேலேதான் இருக்கிறது! கிளைக் கவட்டில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் எப்படி இருக்கும்? நினைத்த மாத்திரத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

சடையாண்டிக்கு ஒரு சிநேகிதன் உண்டு. செவத்தியான் என்ற அழுங்கு. உடம்பெல்லாம் செதில், முழ நீள நாக்கு, யாராவது அதட்டினால் பந்தாய்ச் சுருண்டுகொள்ளும் சுபாவம். கரையான் புற்று கிடைத்தால் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து பங்கு போட்டுத் தின்னும். அன்றும் அப்படித்தான் தின்றுகொண்டிருந்தன.

"மச்சான், நான் மறுபடியும் மரம் ஏறப் போறேன்" என்றது சடையாண்டி.

"எந்த மரத்துல தேன் இருக்கு?"

"தேன் இல்லை."

"பழமா?"

"அதுவும் இல்லை. சும்மா ஏறி உட்காரப் போறேன்."

செவத்தியான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிநேகிதனின் வயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது. பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மாப்ளே, இதையும் கூட்டிக்கிட்டா போகப் போறே?"

"வேற யாரு இதைப் பார்த்துக்குவா? எனக்குத் தெரியாதா மச்சான்! நான் குனிஞ்சு என் காலைப் பார்த்தே மூணு வருஷமாச்சு. இருக்குதுங்கிற நம்பிக்கையிலதான் நடக்குறேன்!"

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. சிரித்து ஓய்ந்ததும் சடையாண்டியின் முகம் மாறிவிட்டது.

"சிரிப்பு இருக்கட்டும் மச்சான். மழை விழுந்தா பட்டை வழுக்கும். அடுத்த கோடைக்கு வயசும் கூடும், உடம்பும் கூடும். முதல் மழைக்குள்ள ஒரு மரத்துல ஏறி உட்காரணும். முடியலைன்னா மரம்ங்கிற பேச்சையே விட்டுடுவேன். இது சத்தியம்!"

விளையாட்டுச் சத்தியம் இல்லை என்று செவத்தியானுக்குப் புரிந்தது.

மறுநாள் சடையாண்டி ஒரு திட்டம் போட்டது. முதலில் இளைப்பது, அப்புறம் ஏறுவது. பத்து நாள் புல்லும் கிழங்கும் தவிர வேறெதையும் தொடவில்லை. பதினோராம் நாள் சரிவிலிருந்து பலாப்பழ வாசனை வந்தது. "பார்த்துட்டு மட்டும் வருவோம்" என்று போனது. போன இடத்தில் இரண்டு பழம். பத்து நாள் பட்டினியை ஒரே மத்தியானத்தில் ஈடுகட்டிவிட்டு, ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தது.

"இளைச்சு ஏறுற கதை நமக்கு ஆகாது. இருக்கிற உடம்போடதான் ஏறணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. அதில் தப்பே இல்லை, நல்ல யோசனைதான். ஆனால் எந்த மரம்?

காட்டின் நடுவில் ஊற்றுக்குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் ஒரு கிழட்டுப் புளியமரம். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க நாலு கரடி வேண்டும். கிளைகளோ தாழ்வாக, பருமனாக, யானை சாய்ந்தாலும் அசையாமல் நிற்கும். புளியங்கொம்பு அல்லவா!

ஆனால் ஊற்றுக்குளத்துக்குத்தான் காடே தண்ணீர் குடிக்க வரும். மானும் பன்றியும் முயலும் எப்போதும் நிற்கும். போதாக்குறைக்கு ஒச்சம்மா என்ற கருமந்தி தன் கூட்டத்தோடு அங்கேதான் குடியிருந்தது. ஒச்சம்மாவின் வாய் ஊர் அறிந்தது. ஒருதரம் ஒரு மிளா மான் சேற்றில் வழுக்கி விழுந்ததை மூன்று மாதம் நடித்துக் காட்டியது. பாவம், அந்த மிளா தண்ணீர் குடிக்க வேறு காட்டுக்கே போய்விட்டது.

சடையாண்டிக்கு அதை நினைத்தாலே முடி சிலிர்த்தது. "அவ கண்ணுல பட்டா நான் செத்தேன்" என்று புளியமரத்துப் பக்கமே திரும்பாமல் ஓடைப் பள்ளத்துக்கு இறங்கியது. அங்கே ஈ காக்கை இல்லை.

பள்ளத்தில் ஒரு நெல்லி மரம் நின்றது. சடையாண்டியின் முன்னங்கால் பருமன்கூட இல்லை. கரடி ஏறியது. நெல்லி வளைந்தது. இன்னும் ஏறியது. இன்னும் வளைந்தது. மரம் அதை மெதுவாகக் கொண்டுபோய்த் தரையிலேயே உட்கார வைத்துவிட்டது! "இவ்வளவு மரியாதையா எந்த மரமும் என்னை இறக்கி விட்டதில்லை" என்று சொல்லிச் சடையாண்டி பிடியை விட்டது. நிமிர்ந்த நெல்லி மூக்கிலேயே ஓங்கி ஒரு அறை விட்டது.

அடுத்த நாள் இன்னும் தள்ளிப் போனது. யாரோ எப்போதோ கைவிட்டுப் போன தோட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒரு முருங்கை. முருங்கை பெருத்தாலும் தூணுக்கு ஆகாது என்று பால்குடி மறக்காத குட்டிக்கும் தெரியும். சடையாண்டிக்கும் தெரியும். தெரிந்தும் ஏறியது. ஆளில்லை என்ற ஒரே தைரியம்!

"படக்!"

கிளையும் கரடியும் ஒன்றாகக் கீழே வந்தன. சடையாண்டி முதுகு அடிபட்டு மல்லாந்து கிடந்தது. கழுத்தைச் சுற்றி நாலு முருங்கைக்காய் கிடந்தது. மேலே கரிய மேகம் திரண்டுகொண்டிருந்தது. தூரத்தில் இடி உருண்டது.

தேடிக்கொண்டு வந்த செவத்தியான் அந்தக் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டது.

"மாப்ளே! உசுரு இருக்கா?"

"உசுரு இருக்கு மச்சான். மானந்தான் போச்சு. மாலை போட்டு மரியாதை பண்ணித் தள்ளிவிட்டிருக்கு பாரு!" என்றது சடையாண்டி. சிரிக்கப் பார்த்தது. சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "முடிஞ்சுது மச்சான். எனக்கும் மரத்துக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் பெருத்துட்டேன். அவ்வளவுதான்."

"நீ பெருத்தது பழைய கதை. இந்த முருங்கையில ஏன் ஏறினே, அதைச் சொல்லு."

"இங்கே யாருமில்லையே!"

"நெல்லியில?"

"அங்கேயும் யாருமில்லை."

"ஓஹோ! அப்போ நீ ஏறுறதுக்கு மரம் பார்க்கலை மாப்ளே. ஒளியறதுக்கு இடம் பார்த்திருக்கே. ஒளியற கலை எனக்குத் தெரியும். யாராவது முறைச்சாலே பந்தாய்ச் சுருண்டுக்குவேன். சுருண்டவன் எவனும் மரம் ஏறினதில்லை!"

சடையாண்டிக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து உட்கார்ந்தது. இத்தனை நாளும் தன் எடையைத் தாங்காத மரங்களையே தேடித் தேடி ஏறிவிட்டு, உடம்பைத் திட்டியிருக்கிறது! அதற்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மறுபடியும் இடி இடித்தது, இந்த முறை பக்கத்தில்.

"மச்சான், ஓடு! மழைக்கு முந்திப் போகணும்!"

ஓடு என்று சொன்னதே தவிர, வழியில் ஏழு தடவை நின்று மூச்சு வாங்கியது சடையாண்டிதான்.

ஊற்றுக்குளத்தில் காடே கூடியிருந்தது. சடையாண்டி நேரே போய்ப் புளியமரத்தில் கையை வைத்தது. அவ்வளவுதான், கிளையில் இருந்த ஒச்சம்மா துள்ளிக் குதித்தது.

"அடி ஆத்தி! எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க! சடையாண்டி அண்ணன் மரம் ஏறுறாரு! ஏ புளியமரமே, வேரைத் தூக்கிக்கிட்டு ஓடிப்போயிரு!"

மான்கள் சிரித்தன. பன்றிகள் சேற்றில் உருண்டு சிரித்தன. முயல்கூடச் சிரித்தது. சடையாண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரும்பியது.

"ஒச்சம்மா! சிரி தாயி, நல்லாச் சிரி! நான் என்னைப் பார்த்தாலே சிரிப்பேன், நீ சிரிக்கக் கூடாதா? ஆனா யாரும் மரத்தடியில நிற்காதீங்க. நான் விழுந்தா தனியா விழமாட்டேன், நாலு பேரைத் துணைக்குக் கூட்டிக்குவேன்!"

கூட்டம் குபீரென்று சிரித்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றது.

சடையாண்டி நகத்தைப் பட்டையில் ஊன்றியது. வயிற்றை மரத்தோடு அழுத்தியது. ஒரு எக்கு, ஒரு மூச்சு. இன்னொரு எக்கு, மூன்று மூச்சு. முதல் கவட்டில் உட்கார்ந்து இளைப்பாறியது. இரண்டாவது கவட்டுக்கு ஏறும்போது பின்னங்கால் சறுக்கியது. சரசரவென்று ஒரு ஆள் உயரம் கீழே வந்துவிட்டது.

"போச்சு! போச்சு!" என்று கூட்டம் கத்தியது.

சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டது. வயிறு ஒரு கணுவில் சிக்கி நின்றது. கிளையை இறுக்கிப் பிடித்தது. கிளை அசையவில்லை. இறங்கினால் ஒச்சம்மாவுக்கு ஆறு மாதத்துக்குக் கூத்து. ஏறினால் எலும்பு மிஞ்சுமோ என்னவோ! ஆனால் கைக்குள் இருந்தது உறுதியான கொம்பு, அது பாரத்தைத் தாங்கும் என்று உள்ளங்கைக்கே தெரிந்தது. சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எக்கியது.

இலைகள் முகத்தில் பட்டன. அடுத்த கவட்டைத் தொட்டது. ஒரு காலைத் தூக்கிப் போட்டது. தொப்பென்று உட்கார்ந்தது. அம்மாடி, காற்று! சில்லென்று மழைவாசனையோடு வந்து அதன் சடை முடியை எல்லாம் அள்ளி வாரியது. காலைத் தொங்கப் போட்டது. பிறகு எதிரே நீட்டி, மூன்று வருஷம் கழித்துத் தன் பாதம் இரண்டையும் பார்த்தது.

"பாருங்கடா! ஏறிட்டேன்!" என்று கீழே பார்த்துக் கத்தியது.

யாரும் நிமிரவில்லை. மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பன்றிகள் சேற்றில் எந்த இடம் யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. முயல் எப்போதோ புல்லைத் தேடிப் போய்விட்டது. ஒச்சம்மாவோ குட்டியின் தலையில் பேன் பார்ப்பதில் மும்முரமாக இருந்தது. செவத்தியான் ஒன்றுதான் அண்ணாந்து பார்த்து, குட்டைக் கையைத் தூக்கி ஆட்டியது.

சடையாண்டிக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் பாதி மரம் ஏறுறதுக்குள்ள தீர்ந்துபோற சிரிப்புக்கா இத்தனை நாள் பயந்தேன்? அதுக்காகவா முருங்கையில போய் முதுகை ஒடிச்சுக்கிட்டேன்?" என்று கிளை குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

சடசடவென்று முதல் மழை இறங்கியது.

"மாப்ளே, இறங்கு!" என்று கீழிருந்து செவத்தியான் கத்தியது.

"பட்டை வழுக்கும் மச்சான்! மழை விட்டதும் வர்றேன், நீ போ!" என்று சொல்லிவிட்டுச் சடையாண்டி மரத்தோடு சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டது.

ஊர் சிரிப்புக்குப் பயந்து ஆளில்லாத இடத்து ஒல்லிக் கிளையைத் தேடுகிறவர் விழத்தான் செய்வார்; சிரிக்கிறவர் சிரிக்கட்டும் என்று தன் பாரத்தைத் தாங்கும் கொம்பைப் பிடிக்கிறவரே மேலே போய் உட்காருவார்.