வேராகப் படுத்த ஆடுகள்

ஆடும் காற்றும் மனிதரோடு வாய்கொடுத்துப் பேசிய அந்தக் காலத்தில், செம்மறி ஆடுகளுக்குத் தெரிந்தது ஒரே ஓர் இடம். அது கண்மாய்க் கரை. அங்கேதான் புல் நன்றாக இருந்தது. காலையில் அங்கேயே மேயும், மதியம் அங்கேயே அசைபோடும், பொழுது சாய்ந்தால் அங்கேயே படுக்கும். புழுக்கையும் அங்கேயேதான். இதைவிடச் சுகமான சோம்பேறித்தனம் உலகத்தில் உண்டா?

ஒருநாள் புல் தீர்ந்தது. நாளைக்கு முளைக்கும் என்று சொல்லிக்கொண்டு வேரையும் பிடுங்கித் தின்றன. வேர் போனபிறகு எது முளைக்கும்? அடுத்தடுத்த புஞ்சைகளில் பல்லை வைத்தன. ஆனால் படுக்க மட்டும் கரைக்கே திரும்பின. குளம்பு பட்டுப் பட்டுக் கரை பொடியாகிச் சரிந்தது.

ஆடி மாதம் மேல்காற்று வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்தக் காற்று அம்மியைத் தொடவில்லை, மண்ணைத்தான் அள்ளியது. புஞ்சை மண்ணெல்லாம் கண்மாய்க்குள் போய் விழுந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் மணல் நின்றது. ஊர்ச் சனம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பிழைக்க வழி தேடிப் போய்விட்டது.

போகாமல் நின்றவள் முத்திருளாயி ஒருத்திதான். அவளிடம் ஒரு கலயம் விதைச்சோளமும், இன்னும் மண்மூடாத ஒரு புஞ்சையும் இருந்தன. ஆடுகளைக் கம்பெடுத்து விரட்டி விரட்டியே அந்தப் புஞ்சையைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அவள் குடிதண்ணீருக்குப் பக்கத்து ஊருக்குப் போன ஒரு பகலில் ஆடுகள் உள்ளே புகுந்து, சோளத்தட்டையின் அடிக்கட்டையைக்கூட விடாமல் தின்று தீர்த்தன.

மறுநாள் காலையில் காற்று வந்து வாசலில் நின்றது.

"முத்திருளாயி, இன்னைக்கு மத்தியானம் உன் புஞ்சையை எடுத்துக்கிடப் போறேன்."

"என் மண்ணை எடுக்க நீ யாருடா, திருட்டுப் பயலே!"

"வேர் பிடிச்சிருக்கிற மண்ணை நான் என்னைக்காவது தொட்டிருக்கேனா? பிடிச்சு வைக்க ஆளில்லாத மண்ணுதான் எனக்கு."

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது. இந்தப் புஞ்சையும் போய்விட்டால் விதையை எங்கே தூவுவது? விறுவிறுவென்று கரைக்கு நடந்தாள். ஆட்டு மந்தைக்குத் தலைவி செவலை என்கிற கிழட்டு ஆடு. அவள் கையில் கம்பில்லாததைப் பார்த்துவிட்டு அது எழுந்திருக்கவே இல்லை.

"எல்லாரும் எந்திரிச்சு என் புஞ்சையில வந்து படுங்க" என்றாள்.

"அங்கே தின்ன என்ன இருக்கு ஆத்தா?"

"ஒண்ணுமில்ல. நேத்தே தின்னுட்டீங்களே."

"பிறகு எதுக்கு வரணும்?"

"என் மண்ணைப் பிடிச்சிருந்த வேரைத் தின்னது நீதானே? இன்னைக்கு ஒரு நாள் நீயே வேரா இரு. அந்த மண்ணும் போயிட்டா, நாளைக்கு உன் குட்டி எதைத் தின்னும்?"

செவலைக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு எழுந்தது. ஓர் ஆடு போனால் போதாதா, மந்தையே பின்னால் போனது.

புஞ்சை முழுக்க இடைவெளி இல்லாமல் நெருங்கிப் படுத்தன. உச்சி வெயிலில் காற்று வந்தது. மணல் கண்ணில் அடித்தது. ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டது. ஒரு கிடாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்து ஓடிவிட்டது. அது படுத்திருந்த இடத்தில் மண் குபுகுபுவென்று கிளம்பியது. பக்கத்துக் குட்டிகள் பயந்து எழப் பார்த்தன. அவையும் எழுந்தால் எல்லாம் முடிந்தது.

வரப்பில் நின்ற முத்திருளாயி கையோடு கொண்டுவந்திருந்த விதைக் கலயத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அந்த வெற்றிடத்தில் குப்புறப் படுத்தாள்.

குட்டிகள் அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டன. காற்று அவளைப் புரட்டிப் பார்த்தது, சேலையை இழுத்துப் பார்த்தது. அவள் அசையவில்லை. பொழுது இறங்கும்போது காற்று களைத்துப்போய் வேறு பக்கம் போயிற்று. ஆடுகளுக்கும் கரைக்குத் திரும்பத் தெம்பில்லை. இரவும் அங்கேயே படுத்துத் தூங்கின.

விடிந்ததும் செவலை மூக்கைச் சுளித்தது. "ஒரே மூத்திர நாத்தம். இன்னைக்கு இங்கே படுக்க மாட்டோம்."

"உங்க நாத்தந்தானே!" என்று சிரித்தாள் முத்திருளாயி. "சரி, பக்கத்துப் புஞ்சைக்குப் போங்க."

இப்படியே பகலில் தூரத்துக் காட்டில் மேய்ந்துவிட்டு, இரவுக்கு ஒரு புஞ்சையாக, ஊரார் விட்டுப்போன நிலமெல்லாம் ஆடுகள் படுத்து எழுந்தன. புழுக்கை மண்ணில் மக்கியது. ரோமத்தில் ஒட்டியிருந்த புல்விதைகள் உதிர்ந்தன. ஆடுகள் இடம் மாறியதும் முத்திருளாயி கரைச் சரிவுகளை மண்வெட்டியால் அணைத்துக் கட்டினாள். கண்மாய் மணலையும் முடிந்தமட்டும் கூடை கூடையாக அள்ளிக் கரையில் போட்டாள்.

ஐப்பசியில் மழை வந்தது. ஆடு படுத்த இடமெல்லாம் புல் பச்சையாகக் கிளம்பியது. தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு ஓடாமல், ஊறி, மிச்சம்தான் கண்மாய்க்குப் போனது, அதுவும் தெளிவாக. முத்திருளாயி சோளத்தை விதைத்தாள். செவலையோடு ஓர் ஒப்பந்தமும் போட்டாள்: "பயிர் நிக்கும்போது உள்ளே வராதே. அறுத்த பிறகு தட்டையும் தாளும் உனக்கு. வேர் மட்டும் மண்ணுக்கு."

தூரத்திலிருந்து பச்சையைப் பார்த்த சனம் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தது. தை மாதம் களத்தில் சோளம் குவிந்தபோது காற்றும் எட்டிப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டது, கொஞ்சம் பாவமாகவே.

அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. சுளகில் சோளத்தை அள்ளி உயரத் தூக்கித் தூற்றினாள். "பிடிச்சு வைக்க ஆளில்லாதது உனக்குன்னு சொன்னியே. இந்தா, பதரை எடுத்துக்கோ."

அன்று முதல்தான் களத்துப் பதர் காற்றுக்குப் போகிறது. அறுத்த புஞ்சையில் இரவில் ஆடுகளைப் படுக்கவைத்துக் கிடை போடுகிறார்கள், ஒருநாள் படுத்த இடத்தில் மறுநாள் கிடை படுப்பதில்லை. வெயில் ஏறினால் செம்மறிகள் இன்றைக்கும் தலையைக் குனிந்து ஒன்றின் வயிற்றடியில் ஒன்று செருகிக்கொள்கின்றன. கிடைக்காவல்காரரும் வரப்பில் படுக்காமல் ஆடுகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுக்கிறார். அது முத்திருளாயி படுத்த இடம்.