பித்தளை மயிலின் நூறாவது இறகு

முன்னொரு காலத்திலே, மிளகு மலைக்கு அந்தப் பக்கம், மாதுளம்பட்டணம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ஊர் ராஜாவுக்குத் திடீரென்று ஒரு கவலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள், பாட்டு ஒப்பிக்கிறார்கள். நல்ல குணத்தை யாருமே சொல்லித் தரவில்லையே!

"ஒரே வருஷத்தில் நான் சொல்லித் தருகிறேன்" என்று வந்து நின்றான் மந்திரவாதி சடாமுகன்.

"குணத்துக்குப் பரிசு வைத்தால் குணம் வராது, மகாராஜா" என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார் அரவமுதர்.

ராஜா காதில் வாங்கவில்லை. மறுநாள் வாத்தியாரைக் காணோம். அவருடைய மணையில் ஒரு பித்தளை மயில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மொத்தம் நூறு இறகு. யார் நல்லது செய்தாலும் மயில் அகவும், ஓர் இறகு உதிரும். அதிக இறகு சேர்த்தவருக்கு அரண்மனை வாசம்!

அப்புறம் கேட்பானேன்? பிள்ளைகள் தள்ளிவிட்டுத் தூக்கினார்கள். ஒளித்துவைத்துத் தேடிக் கொடுத்தார்கள். அழவைத்துக் கண்ணைத் துடைத்தார்கள். மந்திரம் கையைத்தானே பார்க்கும், மனசையா பார்க்கும்?

அந்தப் பிள்ளைகளில் நம்ம மருக்கொழுந்து கெட்டிக்காரி. நல்லவளும்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் தொண்ணூற்றெட்டு இறகு உதிர்ந்து, அதில் அதிகம் தன்னிடம் என்றதும் அவளுக்கும் ஆசை விடவில்லை. குயவர் மாடசாமியின் கழுதையை முள்ளுக்காட்டில் கட்டிவைத்து, மறுநாள் தானே 'கண்டுபிடித்து' ஓட்டிவந்தாள். பாவம், முள் குத்தி அது நொண்டியது. மயில் அகவியது. தொண்ணூற்றொன்பது!

இறகை எடுக்கக் குனிந்தபோது மயில் மெல்லப் பேசியது.

"மருக்கொழுந்து, நான்தான் உன் வாத்தியார். இன்னும் ஒரே ஒரு இறகுதான் மிச்சம். அதுவும் விழுந்துட்டா நான் வெறும் பித்தளைதான்."

"ஐயோ! உங்களை எப்படி மீட்கிறது, ஐயா?"

"தெரியும் கண்ணு. சொல்லத்தான் வாய் வரலை. சடாமுகன் கட்டு அப்படி."



மறுநாளே பரிசு நாள். ராஜா வந்தார், ஊரே வந்தது. "நீ செய்த நல்ல காரியம் ஒன்றை இன்று சபையில் சொன்னாலே இறகு விழும். சொல்லு, கடைசி இறகும் உனக்குத்தான்" என்றான் சடாமுகன். மருக்கொழுந்து உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால்தானே இறகு விழும்?

அப்போது பானைக் கூடையைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு, வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தார் மாடசாமி.

"நான் சொல்றேன் மகாராஜா! காணாமப் போன என் கழுதையை இந்தப் புள்ளதான் தேடிக் குடுத்துச்சு. தங்கமான புள்ள!"

மயிலின் வாலில் இறகு ஆடியது. இதோ விழப் போகிறது!

"இல்ல மாமா!" என்று கத்தினாள் மருக்கொழுந்து. "நான்தான் அதை முள்ளுக்காட்டுல கட்டிப் போட்டேன். அது நொண்டுறது என்னாலதான்!"

அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் பரிசை விட்டு உண்மை சொன்னதும் சடாமுகன் கட்டு அவிழ்ந்தது; ஆடிய இறகு நின்றது. பிள்ளைகள் பைகளிலிருந்த தொண்ணூற்றொன்பது இறகும் பறந்துபோய் மயிலில் ஒட்டிக்கொண்டன. பித்தளை உரிந்து விழ, அரவமுதர் எழுந்து நின்றார். சடாமுகன் பிடித்த ஓட்டம் மிளகு மலை தாண்டியும் நிற்கவில்லை.

"ஐயா, தாத்தாவைத் தள்ளிவிட்டது நான்!" என்றது ஒரு குரல். "பாப்பாவை அழவெச்சது நான்!" என்றது இன்னொன்று.

வாத்தியார் மருக்கொழுந்தை அணைத்துக்கொண்டார். "பயமா இருந்துச்சா?"

"ரொம்ப, ஐயா."

"எனக்கும்தான்."

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா. கழுதைக்கு வைத்தியர் வேண்டும் என்றாள். அரண்மனை வைத்தியரே வந்தார். கால் ஆறும்வரை அவளும் மற்றப் பிள்ளைகளும் சந்தைக்குப் பானை சுமந்தார்கள்.

மாடசாமி அன்றைக்கே மன்னித்துவிட்டார். கழுதைதான் பத்து நாள் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பதினோராம் நாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் கையிலிருந்த புல்லைத் தின்றது.