நாலாயிரத்து ஐந்நூறு புள்ளிகள்

“முந்நூறுன்னு போட்டுட்டேன் டீச்சர். அப்பவும் முகம் மங்கலாத்தான் இருக்கு” என்றார் ஆவுடையப்பன்.

ஜெசிந்தா டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

“எத்தனை தடவை போட்டீங்க?”

“காலையில இருந்து ஏழெட்டு தடவை இருக்கும்.”

ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு இருபத்தேழு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் மற்றவர்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். போட்டோ எடிட்டிங் படிக்க இந்த மனிதர் ஏன் வந்தார் என்று அவர்கள் தங்களுக்குள் கேட்டுச் சிரித்தார்கள். டீச்சர் கேட்கவில்லை.

அன்று அவரே சொன்னார்.

“வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரிக்கு முதல் திவசம். சுவத்தில மாட்ட ஒரு படம் வேணும். பிரேம் கடைக்காரரு பன்னிரண்டு இன்ச் போடலாம்ங்காரு. ஆனா ரெசல்யூஷன் முந்நூறு இருக்கணுமாம். இதுல எழுபத்திரண்டுன்னு காட்டுது. அதான் மாத்துதேன்.”

“வேற படம் இல்லையா சார்?”

“கல்யாண ஆல்பம் இருக்கு. அதுல அவளுக்கு இருபது வயசு. என்கூட இருந்து தலை நரைச்சவ அது இல்ல. ஆதார் அட்டையில ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்தா அவளே யாருன்னு கேப்பா.”

டீச்சர் சிரிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், காலனியில் காமிரா சார் என்றால் ஆவுடையப்பன்தான். கோபுரம், அருவி, மயில் என்று பதினோராயிரம் படம் எடுத்து வைத்திருந்தார். அத்தனையிலும் மனைவி சங்கரவடிவு ஒரே ஒரு படத்தில் இருந்தாள். அதில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துத்தான் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“பையில என்ன சார்?”

“பொரிகடலை.”

“ஒரு பிடி கொடுங்க.”

வாங்கி மேசையில் கொட்டினார் டீச்சர்.

“இதை வச்சு மேசை முழுக்க மூடுங்க.”

டீச்சர் சொன்னால் செய்கிறவர் அவர். உள்ளங்கையால் பரப்பிக்கொண்டே போனார். கடலைக்கும் கடலைக்கும் நடுவே மேசைதான் தெரிந்தது.

“பத்தலையே டீச்சர்.”

“முந்நூறுன்னு சொல்லிப் பாருங்க.”

அவர் டீச்சரைப் பார்த்தார். கடலையைப் பார்த்தார்.

“சரி, இடைவெளி இல்லாம ஒண்ணாச் சேர்த்து வைங்க.”

சேர்த்தார். ஒரு கை அகலத்துக்கு வந்தது.

டீச்சர் திரையில் ரீசாம்பிள் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, எழுபத்திரண்டை முந்நூறாக மாற்றினார். மேலே இருந்த அகலம் தானாகவே சுருங்கியது. பூஜ்யம் புள்ளி இரண்டு இன்ச்.

“உங்க படத்தில இருக்கிறது நாலாயிரத்து ஐந்நூறு புள்ளி. ஒரு இன்ச்சுக்கு முந்நூறு வேணும்னா நெருக்கி வைக்கணும். இதைப் பிரேம் கடைக்குக் கொண்டு போங்க.”

“பொட்டு அளவுக்குல்லா இருக்கு!”

“ஆமா.”

“அந்த டிக் இருந்தா பெருசாகுமே டீச்சர்?”

“ஆகும்.”

டிக்கைப் போட்டு, அகலத்தில் பன்னிரண்டு என்று தட்டினார் டீச்சர். திரை முழுக்க சங்கரவடிவு வந்தாள். கன்னம் வழவழவென்று இருந்தது, தேய்ந்த சோப்பு மாதிரி.

ஆவுடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

“மூக்குத்தி எங்க?”

“இல்லாத புள்ளியை, பக்கத்துப் புள்ளியைப் பார்த்து அதுவா போட்டுக்கிடும் சார். சுத்தி எல்லாம் தோல். மூக்குத்தி இருந்த இடத்துலயும் தோலையே போட்டுட்டுது.”

“அப்போ இது அவ இல்லையா?”

“நாலாயிரத்து ஐந்நூறு புள்ளி அவங்க. மிச்சம் ஒரு கோடிக்கு மேல இது போட்டது.”

“மூக்குத்தியை நாமளே வரைஞ்சிரலாமே?”

“வரைஞ்சிரலாம்.” டீச்சர் பிரஷ்ஷை எடுத்தார். “எந்தப் பக்கம் சார்?”

ஆவுடையப்பனின் கை தன் மூக்கின் வலப்பக்கம் போனது. அங்கே நின்றது. பிறகு இடப்பக்கம் போனது. பிறகு மடியில் விழுந்தது.

“மகள்ட்ட கேட்டுச் சொல்லுதேன்.”

முப்பத்தெட்டு வருஷம் எதிரே உட்கார்ந்து சோறு போட்டவள். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பிள்ளைகள் யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தார்.

டீச்சர் பிரஷ்ஷை வைத்துவிட்டார்.

“வெட்டாத முழுப் படத்தைத் திறங்க சார்.”

திறந்தார்.

ஊர்த் தேர். சக்கரத்தில் தொடங்கி உச்சிக் கலசம் வரைக்கும் முழுசாக இருந்தது. டீச்சர் பெரிதாக்கிக் காட்டினார். தேர்ச்சீலையின் குஞ்சலங்களை ஒன்று ஒன்றாக எண்ணலாம். மரக்குதிரையின் பற்கள் தெரிந்தன. வடத்தில் பிரிந்த ஒரு நார் தெரிந்தது. கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில், ஊதாப் புடவையில், அவருடைய காமிரா பையைச் சுமந்துகொண்டு ஒருத்தி நின்றாள்.

“மொத்தம் எத்தனை புள்ளி?”

ஆவுடையப்பன் அகலத்தையும் உயரத்தையும் மனதுக்குள் பெருக்கினார்.

“ஒரு கோடியே இருபது லட்சம்.”

“புள்ளிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல” என்றார் டீச்சர்.

அவர் குஞ்சலங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேரோட உசரம் தெரியணும்னா ஒரு ஆள் நிக்கணும். அதுக்குத்தான் அவளை நிக்கச் சொன்னேன். எனக்குப் பக்கத்திலதான் நின்னா. ‘பின்னால போ, பின்னால போ’ன்னேன். கூட்டத்தில இடிபட்டு இடிபட்டுப் போய்க்கிட்டே இருந்தா. நடுவுல நின்னு ‘போதுமா?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

ஆவுடையப்பன் மேசையில் கிடந்த கடலையை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். கடைசிக் கடலையையும் போட்டார்.

“இன்னும் கொஞ்சம்னேன்.”