காலிக் குடமும் கடல் கடந்த பிரசவமும்

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அதனால் நடுவில் கொட்டாவி விடாமல் கேளுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் சீனித்தாய் என்று ஒருத்தி. புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜெயசுதா, கல்யாணமாகி, வருஷத்தில் பாதி பனி கொட்டும் தூர தேசத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். ஆனால் ஜெயசுதா விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாவிட்டால் தாய்தானே போக வேண்டும்? சீனித்தாய் பாஸ்போர்ட் எடுத்தாள், பிரசவ மருந்துக்குச் சுக்கும் மிளகும் இடித்து வைத்தாள். விசா ஒன்றுதான் பாக்கி.

விசா மனு நிரப்பித் தரும் தாமோதரன் வரிசையாகக் கேள்விகளை வாசித்துக்கொண்டே வந்தவன், ஒன்றைத் தமிழில் சொல்லிக் கேட்டான். “ஏதாவது கோர்ட்டுல உங்களக் குற்றவாளின்னு தீர்ப்புச் சொன்னது உண்டாக்கா?”

“உண்டு தம்பி” என்று சீனித்தாய் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

விஷயம் பழையது. ஒரு கோடையில் காலனிக்கு வாரக்கணக்கில் குடிதண்ணீர் வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சீனித்தாய் முன்வரிசையில் இருந்தாள். அடுத்த வீட்டு முத்துப்பேச்சி மட்டும் போகவில்லை. எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. போலீஸ் வந்து மறியல்காரர்களை வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, எலுமிச்சைச் சாதம் போட்டு, பெயர்களை எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டது. மறுநாள் தண்ணீரும் வந்தது. அதோடு தீர்ந்தது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

எங்கே தீர்ந்தது! அத்தனை பேரும் மறந்தே போன பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. “ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டிருங்க, மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம்” என்றார் வக்கீல். கேஸ் நடத்தி யார் அலைவது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றைக்குப் பார்த்து ஜெயசுதாவுக்கு டெங்கு. சீனித்தாய் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியவில்லை. ஒருத்தி வராவிட்டால் மொத்தப் பேருக்கும் வாய்தா போட்டுவிடுவார்களே என்று முத்துப்பேச்சி அவர்களோடு போனாள். சீனித்தாய் பெயரைக் கூப்பிட்டதும் “நான்தான்யா” என்று முன்னால் போய் நின்றாள். குற்றத்தையும் ஒப்புக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் யார் முகத்தைப் பார்த்தது? ரேஷன் கடை வரிசையில் ஒருத்திக்காக இன்னொருத்தி நிற்பதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும் என்று காலனியே நினைத்தது.

இதையெல்லாம் கேட்ட தாமோதரன், “‘இல்ல’ன்னு போட்டுருவோம்க்கா. அங்கருந்து வந்தா பாக்கப் போறான்?” என்றான். “‘ஆமா’ன்னு போட்டா விளக்கம் கேட்டு இழுத்தடிப்பாங்க. அதுக்குள்ள பிள்ளை பிறந்திரும்.”

மருமகன் போனில் வேறு சொன்னார். “நீங்க கோர்ட்டுக்கே போகலியே அத்தை. வந்தது வேற ஆளுன்னு சொல்லித் தீர்ப்ப மாத்தச் சொல்லுங்க.”

வக்கீலிடம் கேட்டாள். “சொல்லலாம்மா. ஆனா முத்துப்பேச்சி மேல ஆள்மாறாட்டக் கேஸ் விழும்” என்றார் அவர், ஏதோ மழை வரும் என்கிற மாதிரி.

சீனித்தாய்க்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் திருடினாளா, யாரையாவது அடித்தாளா? குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அதற்குப் போய் மகள் பிரசவத்துக்குப் போக முடியாமல் செய்வார்கள் என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? குடத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் தெரிந்து முத்துப்பேச்சி ஓடி வந்தாள். அவள் கொஞ்சகாலம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவள். எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருப்பவள். பிள்ளை இல்லை. ஜெயசுதா சின்ன வயதில் பாதி நாள் சாப்பிட்டதும் தூங்கியதும் அவள் வீட்டில்தான்.

“நான் போயி ஜட்ஜய்யாட்ட உள்ளதச் சொல்லிருதேன் மதினி. என்னைய உள்ள வச்சாலும் தேட ஆளில்ல. சுதாவுக்கு நீ வேணும்லா.”

“வாய மூடுளா” என்றாள் சீனித்தாய். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மனுவில் பொய் எழுதக் கூடாது. முத்துப்பேச்சி மாட்டக் கூடாது. பிரசவத்தின்போது ஜெயசுதாவும் தனியாக இருக்கக் கூடாது. தாமோதரன், மருமகன், முத்துப்பேச்சி, இவர்களில் யார் சொன்ன வழி சரி? ஒன்றுமே சரியில்லை என்றால், சீனித்தாய் என்னதான் செய்ய வேண்டும்?

விடை: ஒருவர் சொன்னதும் சரியில்லை. சீனித்தாய் ‘ஆம்’ என்றே எழுதினாள். தீர்ப்பு அவள் பெயரில் இருக்கிறது, ரோட்டில் உட்கார்ந்ததும் அவள்தான். கோர்ட்டில் யார் நின்றது என்று மனுவில் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லி ஒருத்தியை மாட்டிவிட வேண்டியதில்லை. கையோடு முத்துப்பேச்சி பெயரில் இன்னொரு மனு போடச் சொன்னாள். அவள் பெயரில் எந்தத் தீர்ப்பும் கிடையாது என்பதால், அவள் ‘இல்லை’ என்று எழுதியதில் பொய் இல்லை. முத்துப்பேச்சிக்கு விசா வந்தது. இடித்து வைத்த மருந்தோடு அவள் விமானம் ஏறினாள். சீனித்தாயிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

பேரன் பிறந்தான். முத்துப்பேச்சி அவனைக் குளிப்பாட்டுவதைப் போனில் காட்டினார்கள். “மதினி, இங்க எந்நேரம் திறந்தாலும் தண்ணி வருது” என்று அவள் குழாயையும் திறந்து காட்டினாள். சீனித்தாய் பேரனைப் பார்த்தாள், பிறகு அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். அவளுடைய விசா இன்னும் வரவில்லை.